கணக்கு எங்கேயோ உதைக்கிறதா? ஒட்டுறவு, ரிக்ரெஷன், நிகழ்தகவு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

புள்ளியியல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து ஒரே கேள்வி பல குரல்களில் வந்துகொண்டிருக்கிறது: "சூத்திரத்தில்தான் போட்டேன், விடை ஏன் இப்படி வருகிறது?" நோட்டை வாங்கிப் பார்த்தால் கூட்டலும் பெருக்கலும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சறுக்கல் அதற்கு முன்பே நடந்திருக்கும். எந்தத் தரவு உள்ளே போனது, எதை எதால் வகுத்தோம், எந்தப் பக்கமிருந்து கேட்டோம் என்ற மூன்றில் ஒன்று நழுவியிருக்கும். அதனால் விடை உதைத்தால் உடனே கணக்கை மறுபடி போடாதீர்கள். அதே சறுக்கலோடு அதே விடைதான் திரும்ப வரும். கீழே உள்ளவற்றில் உங்கள் அறிகுறி எது என்று பார்த்து நேராக அங்கே போங்கள்.

## எதுவானாலும் முதலில்: படம் வரைந்தீர்களா?

ஓர் அச்சில் ஒரு மாறி, மறு அச்சில் மற்றது, புள்ளி புள்ளியாக. இதற்கு இரண்டு நிமிடம் ஆகாது. ஆனாலும் பத்தில் எட்டுப் பேர் இதைச் செய்யாமல்தான் என்னிடம் வருகிறார்கள்.

பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் 1973-ல் நான்கு சின்னத் தரவுத் தொகுதிகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 ஜோடி எண்கள். நான்கிலும் முதல் மாறியின் சராசரி 9, இரண்டாவதன் சராசரி 7.5. இரண்டு மாறிகளும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று அளக்கும் ஒட்டுறவுக் கெழு நான்கிலும் 0.816-ஐ ஒட்டியே வரும். ஒரு மாறியை வைத்து மற்றதைக் கணிக்கப் போடும் ரிக்ரெஷன் கோடும் நான்கிற்கும் ஒன்றே: வெட்டு (முதல் மாறி பூஜ்ஜியமாகும்போது கோடு காட்டும் மதிப்பு) 3, சாய்வு 0.5. வரைந்து பார்த்தால்தான் குட்டு உடையும். முதலாவது வழக்கம்போல் ஒரு கோட்டைச் சுற்றிச் சிதறிய புள்ளிகள். இரண்டாவது வழவழப்பான வளைகோடு. மூன்றாவது கச்சிதமான நேர்கோடு, ஒரே ஒரு புள்ளி மட்டும் மேலே துள்ளி நிற்கிறது. நான்காவதில் பத்துப் புள்ளிகள் செங்குத்தாக ஒரே வரிசையில், பதினோராவது தனியாகத் தூரத்தில். அந்த ஒன்றை எடுத்துவிட்டால் கோடு போடவே வழியில்லை.

வரைந்தாயிற்றா? சரி, இனி அறிகுறிகள்.

## "கெழு 1-ஐத் தாண்டிவிட்டது"

ஒட்டுறவுக் கெழு −1-க்கும் 1-க்கும் இடையில்தான் இருக்கும். 1.08 என்று வந்தால், அநேகமாக வகுத்தலில் கலப்படம் நடந்திருக்கிறது: கெழு என்பது இணைமாறுபாட்டை (இரு மாறிகளின் விலக்கங்களைப் பெருக்கிக் கூட்டி எடுத்த சராசரி) இரண்டு திட்ட விலக்கங்களால் (ஒவ்வொரு மாறியின் சிதறல்) வகுத்தது; முதலாவதை எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்திருப்பீர்கள், திட்ட விலக்கத்தை முழு எண்ணிக்கையால் வகுத்திருப்பீர்கள்.

சின்ன உதாரணம் ஒன்று. முதல் மாறி 1, 2, 3, 4, 5. இரண்டாவது 2, 4, 5, 4, 5. சராசரிகள் 3, 4. விலக்கங்களைப் பெருக்கிக் கூட்டினால் 6. முதலாவதன் விலக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகை 10, இரண்டாவதுக்கு 6. கெழு என்பது 6-ஐ 60-ன் வர்க்கமூலத்தால் வகுத்தது, 0.775 வரும். கவனியுங்கள், இங்கே எண்ணிக்கையால் வகுக்கவே இல்லை. மேலும் கீழும் அது அடிபட்டுப் போகிறது. அது அடிபடாமல் போவது கலப்படம் செய்யும்போதுதான். மேலே 4-ஆலும் கீழே 5-ஆலும் வகுத்துப் பாருங்கள், 0.968 வரும். ஐந்து புள்ளிகள் என்பதால் விடை 1.25 மடங்கு வீங்கிவிட்டது.

ஒரு விதத்தில் 1-ஐத் தாண்டியவர் அதிர்ஷ்டசாலி, தவறு தானாகவே காட்டிக்கொடுத்துவிட்டது. 0.968 வந்தவர் "ஆகா, நல்ல தொடர்பு" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். எக்செலில் புதிய சார்புகளின் கடைசியில் எஸ் அல்லது பி என்ற எழுத்து இருக்கும். எஸ் என்றால் மாதிரி, ஒன்று குறைத்து வகுக்கும். பி என்றால் முழுமைத் தொகுதி. இரண்டிலும் ஒரே எழுத்தா என்று பாருங்கள். இணைமாறுபாட்டுக்கான பழைய கோவார் சார்பு முழு எண்ணிக்கையால் வகுக்கும், திட்ட விலக்கத்துக்கான பழைய ஸ்டிடெவ் ஒன்று குறைத்து வகுக்கும். இந்த இரண்டையும் சேர்த்தால் விடை வீங்காது, சுருங்கும். அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

எண்ணே வராமல் பிழைச் செய்தி வந்தால் வேலை சுலபம். பூஜ்ஜியத்தால் வகுத்ததாகச் சொன்னால் ஒரு பத்தியில் எல்லா எண்களும் ஒன்றே. மாறாத ஒன்றுக்கு ஒட்டுறவு கிடையாது. மதிப்பு கிடைக்கவில்லை என்று சொன்னால் இரண்டு பத்திகளின் நீளத்தை எண்ணிப் பாருங்கள்.

## "தொடர்பு கண்ணுக்குத் தெரிகிறது, கெழுவோ பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கிறது"

இதற்கு மூன்று காரணங்களை நான் வரிசையாகப் பார்ப்பேன்.

முதலாவது, வளைவு. −2, −1, 0, 1, 2 என்ற எண்களையும் அவற்றின் வர்க்கங்களான 4, 1, 0, 1, 4-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று தெரிந்தால் மற்றது துல்லியமாகத் தெரியும். இதைவிட நெருக்கமான தொடர்பு இருக்க முடியாது. கெழு மட்டும் சுத்தமான பூஜ்ஜியம். ஒட்டுறவுக் கெழு நேர்கோட்டுத் தொடர்பை மட்டுமே அளக்கும். ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போகிற, ஆனால் வளைந்த தொடர்பு என்றால் தர ஒட்டுறவு (மதிப்புகளுக்குப் பதில் அவற்றின் வரிசை இடங்களை வைத்துப் போடும் கெழு) உதவும். ஏறி இறங்கும் வளைவுக்கு அதுவும் உதவாது. அங்கே வர்க்க உறுப்பைச் சேர்த்து ரிக்ரெஷன் போட வேண்டியதுதான்.

இரண்டாவது, எண் போல வேஷம் போட்ட எழுத்து. வேறொரு கோப்பிலிருந்து ஒட்டிய தரவில் சில எண்கள் எழுத்தாகப் பதிந்திருக்கும். கெழு போடும் எக்செலின் கோரெல் சார்பு அவற்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், எச்சரிக்கையும் தராது. நூறு வரி போட்டதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், நாற்பதுதான் கணக்கில் போயிருக்கும். கலத்துக்குள் இடதுபக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் எண்களைச் சந்தேகப்படுங்கள். வெறும் கலமும் இதேபோல் விடுபடும். ஆனால் விடை தராதவருக்கு யாராவது 0 என்று போட்டு வைத்திருந்தால் அது விடுபடாது, நிஜ மதிப்பாகவே உள்ளே போகும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் தரவு முழுக்கச் சுத்தமாக இருந்தும் இது ஏமாற்றும். தரவில் யார் இல்லை என்று கேளுங்கள். நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் படிப்பில் பின்னால் எடுத்த மதிப்பெண்ணுக்கும் கெழு போட்டால் சின்னதாக வரும். "அப்படியானால் நுழைவுத் தேர்வே வீண்" என்று சிலர் முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் தேர்வில் கீழே இருந்தவர்கள் உள்ளேயே வரவில்லை. மேல் நுனியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு முழுச் சரிவைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இதன் மிகக் கொடூரமான உதாரணம் 1986 ஜனவரி 28 அன்று வெடித்த சேலஞ்சர் விண்கலம். குளிரில் ராக்கெட்டின் மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் சரியாக வேலை செய்யுமா என்ற விவாதம் முந்தைய இரவே நடந்தது. அப்போது கவனம் முழுக்க வளையம் சேதமான பயணங்களின் மேல் இருந்தது. அவற்றை மட்டும் பார்த்தால் சேதம் குளிரிலும் நடந்திருக்கிறது, வெப்பத்திலும் நடந்திருக்கிறது. போக்கு எதுவும் தெரியவில்லை. சேதமே ஆகாத பயணங்களையும் சேர்த்துப் பின்னர் விசாரணை ஆணையம் பார்த்தது. 66 பாரன்ஹீட் டிகிரியும் அதற்கு மேலும் இருந்தபோது கிளம்பிய 20 பயணங்களில் மூன்றில்தான் சேதம். 63 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த நான்கு பயணங்களில் நான்கிலுமே சேதம். பூஜ்ஜியங்கள் இருந்த வரிகளில்தான் செய்தியே இருந்தது.

## "கெழு நம்ப முடியாத அளவுக்கு உயரம்"

0.95-க்கு மேல் வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு புள்ளி தனியாக நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு சதுரத்தின் நான்கு மூலைகள்: (1,1), (1,2), (2,1), (2,2). கெழு பூஜ்ஜியம். கூட (10,10) என்று ஒரே ஒரு புள்ளியைச் சேருங்கள். கெழு 0.98 ஆகிவிடும். ஐந்தில் நான்கு புள்ளிகளுக்குத் தொடர்பே இல்லை. ஐந்தாவது ஒன்றே எல்லாரையும் இழுத்துக்கொண்டு போகிறது.

அந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. பல சமயம் அது 999. "பதில் இல்லை" என்பதற்குக் குறியீடாக 99, 999 என்று போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. வயது, வருமானம் என்ற இரண்டு பத்திகளிலும் அதே நபர் பதில் சொல்லாமல் விட்டிருந்தால், (999, 999) என்று மூலையில் ஒரு புள்ளி முளைக்கும். இதில் நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். ஒரு கருத்துக்கணிப்புத் தரவில் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய விளக்கம் முழுக்க அந்த 999-களைப் பற்றியதுதான் என்று மூன்றாவது நாள் தெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பத்திக்கும் குறைந்த மதிப்பு, அதிக மதிப்பு இரண்டையும் பார்க்காமல் வேறு எதுவும் செய்வதில்லை. தனிப்புள்ளி நிஜமானது என்று உறுதியானால் அழிக்காதீர்கள். அதோடு ஒரு முறை, அது இல்லாமல் ஒரு முறை போட்டு இரண்டையும் சொல்லுங்கள்.

தனிப்புள்ளி இல்லை என்றால் காலத்தைப் பாருங்கள். ஒரு குழந்தையின் உயரத்தையும் அதே ஆண்டுகளின் உலக மக்கள்தொகையையும் ஆண்டுவாரியாக எடுத்தால் கெழு 1-ஐ நெருங்கும். இரண்டும் ஏறிக்கொண்டே போகின்றன, அவ்வளவுதான் சங்கதி. அளவுகளை விட்டுவிட்டு ஓராண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் உள்ள வித்தியாசங்களை எடுத்து, அவற்றுக்கு இடையே கெழு போட்டுப் பாருங்கள். பொய்யான தொடர்பு பெரும்பாலும் அங்கேயே உதிர்ந்துவிடும்.

அப்புறம், மொத்தத்தையும் அதன் பகுதியையும் ஒப்பிட்டிருக்கிறீர்களா? கணக்கு மதிப்பெண்ணுக்கும், கணக்கையும் சேர்த்த மொத்த மதிப்பெண்ணுக்கும் கெழு உயர்ந்துதான் வரும். அது தன்னோடு தானே ஒத்துப்போவது.

## "கெழு 0.7 வந்தது, 70 சதவீதம் என்று எழுதினேன், மதிப்பெண் போய்விட்டது"

கெழு சதவீதம் இல்லை. அதை வர்க்கப்படுத்துங்கள்: 0.49. ஒரு மாறியின் ஏற்ற இறக்கத்தில் 49 சதவீதத்தை நேர்கோடு விளக்குகிறது என்று எழுதலாம். 0.3 என்றால் வெறும் 9 சதவீதம். "விளக்குகிறது" என்ற சொல்லும் கொஞ்சம் பொல்லாதது, காரணம் என்று அர்த்தம் தொனிக்கும். ஆனால் அப்படி இல்லை. கோட்டைச் சுற்றிச் சிதறல் அவ்வளவு குறைந்தது என்பதுதான் பொருள்.

## "மாறிகளை இடம் மாற்றினால் வேறு கோடு வருகிறது"

வரத்தான் வேண்டும். கெழுவுக்கு முன் பின் கிடையாது, ரிக்ரெஷனுக்கு உண்டு. மேலே பார்த்த ஐந்து புள்ளிகளுக்கே திரும்பப் போவோம். முதல் மாறியை வைத்து இரண்டாவதைக் கணித்தால் சாய்வு 6/10, அதாவது 0.6, வெட்டு 2.2. இரண்டாவதை வைத்து முதலாவதைக் கணித்தால் சாய்வு 6/6, அதாவது 1, வெட்டு −1.

இப்போது இரண்டாவது மாறி 5 என்று தெரியும், முதலாவது என்ன? இரண்டாவது கோட்டில் போட்டால் 4. முதல் கோட்டையே இயற்கணிதப்படி திருப்பிப் போட்டவருக்கு 4.67 வரும். திருப்பிப் போட்டது கணிதத்தில் குற்றமில்லை, ஆனால் ரிக்ரெஷன் கோடு சமன்பாடு மட்டும் இல்லை. முதல் கோடு செங்குத்தான பிழைகளைக் குறைக்கப் பிறந்தது, இரண்டாவது கிடைமட்டப் பிழைகளைக் குறைக்க. எதைக் கணிக்கப் போகிறீர்களோ அதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு: இரண்டு சாய்வுகளையும் பெருக்கினால் கெழுவின் வர்க்கம் வர வேண்டும். 0.6 × 1 = 0.6; 0.775-ன் வர்க்கமும் 0.6.

எக்செலில் போடுபவர்கள் இங்கே அடிக்கடி சறுக்குவார்கள். ஸ்லோப், இன்டர்செப்ட் இரண்டு சார்புகளும் கணிக்கப்படும் மாறியை முதலில் கேட்கும். நாமோ பழக்கதோஷத்தில் சாரா மாறியை, அதாவது எதை வைத்துக் கணிக்கிறோமோ அதை, முதலில் தேர்ந்தெடுப்போம். பிழைச் செய்தி வராது, வேறொரு கேள்விக்கான விடை வரும்.

பைத்தானில் ஸ்டேட்ஸ்மாடல்ஸ் என்ற புள்ளியியல் தொகுப்பைப் பயன்படுத்தும்போது வெட்டு என்ற வரியே விடையில் இல்லை என்றால், மாறிலியைச் சேர்க்க மறந்திருக்கிறீர்கள். அணியாகத் தரவைக் கொடுத்தால் அது தானாகச் சேர்க்காது. கோட்டைப் பூஜ்ஜியம் வழியாக இழுத்துவிடும். விளக்கிய விகிதமும் வேறு முறையில் கணக்காகி அளவுக்கு மீறி அழகாகத் தெரியும். ஆர் மொழி தானாகவே சேர்த்துக்கொள்ளும்.

வெட்டு அபத்தமாக வந்தால், அதாவது உயரம் பூஜ்ஜியமானவரின் எடை எதிர்மறை என்றெல்லாம் வந்தால், பதறவேண்டாம். உயரம் பூஜ்ஜியமான யாரையும் நீங்கள் அளக்கவில்லை. கோடு தரவின் எல்லைக்குள் மட்டும் பேசும்.

## "கடைசியில் இருந்தவர்கள் முன்னேறினார்கள், முதலில் இருந்தவர்கள் சறுக்கினார்கள்"

இதில் படித்தவர்களும் விழுவார்கள். தேர்வில் மோசமாகச் செய்தவர்களைத் தனியாக எடுத்துப் பயிற்சி கொடுத்தோம், அடுத்த தேர்வில் சராசரி ஏறியது. பயிற்சி வெற்றி என்று அறிக்கை தயார். ஆனால் பயிற்சியே கொடுக்காமல் விட்டிருந்தாலும் அவர்கள் சராசரி ஏறியிருக்கும்.

மதிப்பெண்ணில் திறமையும் இருக்கிறது, அன்றைய அதிர்ஷ்டமும் இருக்கிறது. கடைசி இடத்தில் இருப்பவர்களைப் பொறுக்கி எடுக்கும்போது, திறமை குறைந்தவர்களோடு அன்று நேரம் சரியில்லாதவர்களையும் சேர்த்துத்தான் எடுக்கிறோம். அடுத்த முறை திறமை அப்படியே இருக்கும், கெட்ட நேரம் மறுபடி அதே ஆட்களைத் தேடி வராது.

ரிக்ரெஷன் என்ற பெயரே இதிலிருந்து வந்ததுதான். பிரான்சிஸ் கால்டன் 1886-ல் 205 பெற்றோர் ஜோடிகளையும் அவர்களின் வளர்ந்த பிள்ளைகள் 928 பேரையும் வைத்து உயரங்களை ஆராய்ந்தார். பெற்றோர் சராசரியிலிருந்து விலகிய தூரத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் பிள்ளைகளிடம் தெரிந்தது. நெட்டையானவர்களின் பிள்ளைகளும் நெட்டைதான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. சராசரியை நோக்கித் திரும்புவது என்று அதைச் சொன்னார், சொல் ஒட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், பிள்ளைகளிடமிருந்து பெற்றோரைக் கணித்தாலும் இதே சுருக்கம் வரும். மிக நெட்டையான பிள்ளைகளின் பெற்றோர் அவ்வளவு நெட்டை இல்லை. காலம் பின்னோக்கி ஓடவில்லை என்பதால், இது பரம்பரை செய்யும் மாயம் இல்லை, புள்ளிகளின் சிதறல் செய்யும் வேலை என்று புரிந்துகொள்ளலாம்.

தீர்வு ஒன்றுதான்: மோசமாகச் செய்தவர்களையே குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரியுங்கள், ஒரு பாதிக்கு மட்டும் பயிற்சி கொடுங்கள். இரு பாதிகளுக்கும் இடையிலான வித்தியாசம்தான் பயிற்சியின் பலன்.

## "பிரித்துப் பார்த்தால் ஒன்று ஜெயிக்கிறது, கூட்டிப் பார்த்தால் மற்றது"

கணக்குத் தவறு இல்லை, இது சிம்ப்சன் முரண். இதற்கு நான் எப்போதும் எடுப்பது 1986-ல் வெளியான சிறுநீரகக் கல் சிகிச்சை ஒப்பீடு. திறந்த அறுவை 350 பேருக்கு, 273 பேரிடம் வெற்றி: 78 சதவீதம். சிறு துளை வழியாகக் கல்லை எடுக்கும் முறையும் 350 பேருக்கு, 289 பேரிடம் வெற்றி: 83 சதவீதம். துளை முறைதான் மேல் என்று தோன்றுகிறதா?

கல்லின் அளவுப்படி பிரிப்போம். சிறிய கல்: திறந்த அறுவை 87-ல் 81, அதாவது 93 சதவீதம், துளை முறை 270-ல் 234, அதாவது 87 சதவீதம். பெரிய கல்: திறந்த அறுவை 263-ல் 192, 73 சதவீதம்; துளை முறை 80-ல் 55, 69 சதவீதம். இரண்டிலுமே திறந்த அறுவை முந்துகிறது.

வெற்றிகளை விட்டுவிட்டு வகுக்கும் எண்களை மட்டும் பாருங்கள். திறந்த அறுவைக்கு வந்தவர்களில் 263 பேருக்குப் பெரிய கல். துளை முறைக்கு வந்தவர்களில் 270 பேருக்குச் சின்னக் கல். கஷ்டமான கேஸ்கள் ஒரு பக்கம், சுலபமானவை மறுபக்கம். மொத்தச் சதவீதம் சிகிச்சையை அளக்கவில்லை. யாரிடம் எந்த நோயாளி போனார் என்பதையும் கலந்து அளந்துவிட்டது.

அப்படியானால் எப்போதும் பிரித்துத்தான் பார்க்க வேண்டுமா? இல்லை, இங்கேதான் சூத்திரம் கைவிடும். கல்லின் அளவு சிகிச்சைக்கு முன்பே இருந்தது, சிகிச்சையைத் தேர்ந்தெடுத்ததையும் பாதித்தது, அதனால் பிரிப்பது நியாயம். சிகிச்சையின் விளைவாக உண்டான ஒன்றை வைத்து, உதாரணமாகச் சிகிச்சைக்குப் பின் ரத்த அழுத்தம் குறைந்ததா என்பதை வைத்துப் பிரித்தால், பலனையே வெட்டி எறிந்துவிடுவீர்கள். எது முன், எது பின் என்பது தரவுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

பல மாறி ரிக்ரெஷனில் புது மாறி ஒன்றைச் சேர்த்ததும் பழைய மாறியின் குறி கூட்டலிலிருந்து கழித்தலுக்குப் போனாலும் முதலில் இதையே யோசியுங்கள். அடுத்து, இரண்டு மாறிகளும் ஒரே விஷயத்தின் இரு பெயர்களா என்று பாருங்கள். சென்டிமீட்டரில் உயரம், அங்குலத்தில் உயரம் இரண்டையும் ஒன்றாகப் போட்டால் பங்கைப் பிரிக்க எந்த நிரலாலும் முடியாது.

## "நிகழ்தகவு 1-க்கு மேல் வந்துவிட்டது"

கூட்டக்கூடாததைக் கூட்டியிருக்கிறீர்கள். பகடையை நான்கு முறை உருட்டினால் ஒரு தடவையாவது 6 விழ வாய்ப்பு என்ன? நான்கு ஆறில் ஒன்றுகள், ஆக மூன்றில் இரண்டு என்று சொல்லத் தோன்றும். அப்படியே போனால் ஏழு முறை உருட்டினால் ஆறில் ஏழு. எட்டாவது உருட்டலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளை மட்டுமே நேராகக் கூட்டலாம். முதல் உருட்டலிலும் 6, மூன்றாவதிலும் 6 விழலாம் என்பதால் இவை விலக்குபவை இல்லை.

"ஒரு தடவையாவது" என்ற சொல் கேள்வியில் இருந்தால் எதிர்ப்பக்கமாகப் போங்கள். ஒன்றுமே விழாமல் போக 5/6-ஐ நான்கு முறை பெருக்கினால் 0.482. மிச்சம் 0.518. இரண்டு பகடைகளை 24 முறை உருட்டி ஒரு தடவையாவது இரட்டை 6 என்றால் 0.491. பிரெஞ்சுச் சூதாடி மெரே இந்த இரண்டும் ஏன் சமமாக இல்லை என்று குழம்பினார். பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654-ல் எழுதிக்கொண்ட கடிதங்களில் அவர் கிளப்பிய சூதாட்டக் கேள்விகள்தான் அலசப்பட்டன.

இன்னொரு குழப்பம் கூடவே வரும்: விலக்கும் நிகழ்ச்சிகளும் சார்பிலா நிகழ்ச்சிகளும் (ஒன்று நடப்பது மற்றதன் வாய்ப்பை மாற்றாதவை) ஒன்று என்ற நினைப்பு. ஒன்று நடந்தால் மற்றது நடக்காது என்பதைவிடப் பெரிய சார்பு வேறு என்ன இருக்கிறது?

## "பெருக்கினேன், கோடியில் ஒன்று என்று வருகிறது"

நேராகப் பெருக்குவதற்குச் சார்பின்மை வேண்டும். அதை யாரும் இலவசமாகத் தர மாட்டார்கள். இங்கிலாந்தில் இரண்டு கைக்குழந்தைகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்த ஒரு தாய்மீது 1999-ல் கொலை வழக்கு நடந்தது. அவர்களைப் போன்ற குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்க வாய்ப்பு 8,543-ல் ஒன்று, ஆகவே இரண்டும் இறக்க சுமார் 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்று ஒரு மருத்துவ நிபுணர் சாட்சி சொன்னார். 8,543-ஐ 8,543-ஆலேயே பெருக்கியிருந்தார். ஒரே வீடு, ஒரே பரம்பரை. முதல் மரணத்துக்கு ஏதாவது மறைந்த காரணம் இருந்தால் அது இரண்டாவது குழந்தைக்கும் இருக்கும். ராயல் புள்ளியியல் கழகம் 2001-ல் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தது. 2003-ல் தண்டனை ரத்தானது. அதற்கு உடனடிக் காரணம் முன்பு வெளியே வராத மருத்துவச் சோதனை முடிவுகள், என்றாலும் அந்தப் பெருக்கலையும் நீதிமன்றம் குறை சொன்னது.

அந்த எண்ணே சரியாக இருந்தாலும் இன்னொரு ஓட்டை பாக்கி. அது அடுத்த அறிகுறி.

## "99 சதவீதம் சரியான சோதனை, ஆனால் விடை 9 சதவீதம் என்கிறது"

விடை சரி. நீங்கள் நிபந்தனையைத் தலைகீழாகப் படித்திருக்கிறீர்கள். நோய் இருந்தால் சோதனை காட்டும் வாய்ப்பு ஒன்று, சோதனை காட்டினால் நோய் இருக்கும் வாய்ப்பு வேறொன்று.

இப்படி நிபந்தனையைத் திருப்பிக் கணக்கிடும் பேயிஸ் தேற்றச் சூத்திரத்தில் தடுமாறுபவர்களுக்கு நான் சொல்வது: சதவீதத்தைத் தூக்கிப் போடுங்கள், ஆட்களை எண்ணுங்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் நோய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பேரில் 100 பேருக்கு நோய். அவர்களில் 99 பேரைச் சோதனை பிடிக்கும். மீதி 99,900 பேர் நலமானவர்கள். அவர்களில் நூற்றுக்கு ஒருவரைத் தவறாகக் காட்டினால் 999 பேர். சோதனை கைகாட்டியவர்கள் மொத்தம் 1,098 பேர். அவர்களில் நிஜ நோயாளிகள் 99. ஒன்பது சதவீதம். மருத்துவர்கள் இரண்டாவது சோதனை கேட்பது இதனால்தான்: முதல் சோதனை முடிந்ததும் ஆயிரத்தில் ஒருவராக இருந்தவர் பதினொருவரில் ஒருவர் ஆகிவிட்டார்.

முக்கியத்துவ மதிப்பு (பி-மதிப்பு) 0.03 வந்ததும் "இல் எனும் கருதுகோள் (தொடர்போ வித்தியாசமோ இல்லை என்ற அனுமானம்) உண்மையாக இருக்க 3 சதவீதம்தான் வாய்ப்பு" என்று எழுதுபவர்கள் செய்வதும் இதே தலைகீழ்தான். அந்தக் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால் இவ்வளவோ இதைவிட அதிகமாகவோ விலகிய தரவு வர 3 சதவீதம் என்பதே அதன் பொருள்.

## "இவ்வளவு நேரம் விழவில்லை, இனி விழுந்தே ஆக வேண்டும்"

1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோவில் ரூலட் சக்கரம் 26 முறை தொடர்ந்து கறுப்பைக் காட்டியது. பாதி வழியிலிருந்தே மக்கள் சிவப்பின் மேல் கொட்டித் தோற்றார்கள். சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது. நீண்ட ஓட்டத்தில் விகிதம் சமனாவது பழைய கணக்கைத் தீர்ப்பதால் இல்லை, புதிய சுற்றுகளின் கூட்டத்தில் பழைய 26 கரைந்துபோவதால்.

## "விடையை மனசு ஒப்ப மறுக்கிறது"

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால் வாதாடாதீர்கள், ஓட்டிப் பாருங்கள். 23 பேர் இருக்கும் அறையில் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் வர வாய்ப்பு 50.7 சதவீதம் என்றால் யாரும் ஏற்பதில்லை. 23 பேரில் 253 ஜோடிகள் என்று சொன்னால் கொஞ்சம் அசைவார்கள். 1-லிருந்து 365 வரை 23 சீரற்ற எண்களை எடுத்து, ஏதாவது இரண்டு ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் நிரல் பத்து வரிகூட வராது. அதை 10,000 தடவை ஓட்டினால் சுமார் 5,070 தடவை ஒத்துப்போகும். நூறு இப்படி அப்படி இருந்தால் கவலை வேண்டாம். பத்தாயிரமும் ஒத்துப்போய்விட்டது என்றால், ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். 600-ஐ ஒட்டி வந்தால், முதல் ஆளை மட்டும் மற்ற 22 பேரோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள்.